மேட்டூர் நிரம்பினால் சேலத்தில் வறட்சி இல்லையா?

ஓர் ஆடி மாதம். சென்னையிலிருந்து நண்பர் போன் செய்தார். "அணை 120 அடி ஆயிடுச்சாமே, டிவியில காட்டறாங்க. இனி உங்க பக்கம் விவசாயத்துக்குக் கவலை இல்ல" என்றார். பதினாறு கண் மதகில் நுரை தள்ளிக்கொண்டு போகும் தண்ணீரைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அவர் பேசும்போது நான் பெத்தநாயக்கன்பாளையம் பக்கம் என் மாமாவின் பாக்குத் தோப்பில், தண்ணீர் லாரி எப்போது வரும் என்று வரப்பில் உட்கார்ந்திருந்தேன். அந்தத் தோப்புக்கும் அணைக்கும் நடுவே தொண்ணூறு கிலோமீட்டர் இருக்கும். அங்கிருந்து ஒரு சொட்டு இங்கே வருவதற்கு வாய்க்காலும் இல்லை, வழியும் இல்லை.

வெளியூர்க்காரர்களுக்கு மட்டும் இந்தக் குழப்பம் என்று சொல்ல முடியாது. சேலம் டவுனில் இருப்பவர்களே அணை மட்டத்தை வைத்துத்தான் வறட்சியைப் பேசுகிறார்கள். செய்தியில் தினமும் வரும் எண் அதுதான், என்ன செய்வது. ஆனால் சேலம் மாவட்ட விவசாயத்தின் நாடியைப் பார்க்க மேட்டூர் மட்டம் தப்பான இடம்.

மேட்டூர் அணை 1925இல் தொடங்கி 1934இல் முடிந்தது. கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஜூன் 12 என்றால் அணை திறப்பு என்று தஞ்சாவூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ஏனென்றால் அந்தத் தண்ணீர் டெல்டாவுக்கு. அணை நிற்பது சேலம் மாவட்டம், பாய்வது அடுத்த ஊர்கள். கிழக்குக்கரை, மேற்குக்கரைக் கால்வாய்கள் இரண்டும் சேர்ந்து பாய்ச்சுவது 45,000 ஏக்கர். அதையும் சேலம், நாமக்கல், ஈரோடு மூன்று மாவட்டங்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். குடிநீர்க் குழாய் வழியே காவிரி பல ஊர்களுக்கு வருகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் வாழப்பாடி, ஆத்தூர், கெங்கவல்லி, காடையாம்பட்டி என்று கிழக்கிலும் வடக்கிலும் இருக்கிற காடு தோட்டமெல்லாம் கிணற்றையும் போர்வெல்லையும் நம்பித்தான். அணைக் கரையை ஒட்டிய கொளத்தூர், மேச்சேரிப் பக்கத்து மேட்டுக்காடுகள்கூட மானாவாரிதான். கண்ணெதிரே கடல் மாதிரித் தண்ணீர் கிடக்கும், காட்டில் நிலக்கடலை வாடும்.

இன்னொன்று, அணையை நிரப்புவது நம்ம ஊர் மழையே இல்லை. குடகிலும் வயநாட்டிலும் பெய்வது ஹாரங்கி, கபினி, கிருஷ்ணராஜசாகர் என்று நிரம்பி, மிச்சம் இங்கே வருகிறது. அங்கே தென்மேற்குப் பருவக்காற்று வலுத்து அடித்தால்தான் கொட்டும். அதே காற்று மலையைத் தாண்டி நம் பக்கம் வரும்போது ஈரத்தை அங்கேயே கொட்டிவிட்டு வெறும் காற்றாக இறங்குகிறது. ஆடியில் அம்மியும் பறக்கும் என்பது இந்தக் காற்றைத்தான். மேகம் தலைக்கு மேலே கிழக்கு நோக்கி ஓடிக்கொண்டே இருக்கும், நின்று பெய்யாது.

அப்புறம் நமக்கு எப்போது பெய்யும்? அந்தக் காற்று ஓயும்போது. வட இந்தியாவில் பருவமழைக்கு இடைவெளி விழுந்து, மழைப்பட்டை இமயமலை அடிவாரத்துக்கு ஒதுங்கும் நாட்களில் தமிழ்நாட்டின் உள்மாவட்டங்களில் காற்று தளர்கிறது. பகலெல்லாம் வெயில் கொளுத்தும். நான்கு மணிக்குமேல் சேர்வராயன் மலைக்கும் கல்வராயன் மலைக்கும் மேலே மேகம் கருத்து எழும்பும். ராத்திரி இடி மின்னலோடு கொட்டும். ஆவணி, புரட்டாசி மழை பெரும்பாலும் இப்படி வருவதுதான். அதாவது கர்நாடகத்தில் மழை விட்டு அணைக்கு நீர்வரத்து குறைகிற நாட்களிலேயே சேலத்துக் காட்டில் ஏர் பூட்டும் ஈரம் கிடைப்பதுண்டு. அணையும் கிணறும் வேறு வேறு வானத்தைப் பார்த்து நிற்கின்றன.

சேலம் மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை ஆயிரம் மில்லிமீட்டரை ஒட்டி வரும். ஏற்காட்டில் அதைப்போல ஒன்றரை மடங்கு. தமிழ்நாடு என்றாலே வடகிழக்குப் பருவமழைதான் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். சேலத்தில் தென்மேற்குப் பருவ மாதங்களின் பங்கு வடகிழக்குக்குக் குறையாது. கடலுக்குத் தள்ளி இருப்பதால் ஐப்பசி, கார்த்திகை மழையெல்லாம் புயலோ தாழ்வு மண்டலமோ உள்ளே எவ்வளவு தூரம் ஏறி வருகிறது என்பதைப் பொறுத்தது. கடலூரில் கரையைத் தொட்டு வலுவிழந்துவிட்டால் ஆத்தூருக்குத் தூறல்தான்.

இடிமழையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அது ஊருக்குப் பெய்யாது, தெருவுக்குப் பெய்யும். மறுநாள் பேப்பரில் ஏற்காடு, ஓமலூர், தம்மம்பட்டி, வீரகனூர், ஆனைமடுவு, கரியகோவில், காடையாம்பட்டி என்று மழை அளவு வரிசையாக வரும். ஓர் இடத்தில் 60 மில்லிமீட்டர், பக்கத்து இடத்தில் 2. மழைமானி இருக்கும் ஊரில் பெய்தால் அந்த வட்டாரமே நனைந்ததாகக் கணக்கு. மானிக்கு ஆறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் ஆகாயத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

2023, 2024 இரண்டு ஆண்டுகளையும் எடுத்து வைத்துப் பார்த்தால் எல்லாம் விளங்கும். 2023 எல் நினோ ஆண்டு, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் ஆண்டு. அந்த ஆகஸ்ட், 1901 முதல் வைத்திருக்கும் கணக்கில் இந்தியாவின் மிக வறண்ட ஆகஸ்ட். கர்நாடகம் பெரும்பாலான தாலுகாக்களை வறட்சி என்று அறிவித்தது. ஜூன் 12 அன்று திறந்த மேட்டூரை அக்டோபர் 10இல் மூட வேண்டியதாயிற்று. அடுத்த கோடையில் சேலத்தில் 40 டிகிரிக்கு மேல் நாள் கணக்காக வெயில். பிறகு குடகில் மழை பிடித்து, 2024 ஜூலை 28இல் அணையைத் திறந்து, இரண்டே நாளில் 120 அடி. நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, டிசம்பர் தொடக்கத்தில் உள்ளே வந்து, ஏற்காட்டில் ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மலைப்பாதையில் மண் சரிந்தது. இதையெல்லாம் கூட்டி வகுத்து, "2024இல் சேலத்தில் மழை நல்ல அளவு" என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். சித்திரையில் காய்ந்துபோன தென்னைக்கு அந்த வரி எதற்கு?

சரி, அவ்வளவு கொட்டியதே, அது எங்கே போயிற்று? சேலத்து வறட்சியின் பாதிக் கதை வானத்தில் இருந்தால் மீதிப் பாதி பாறையில் இருக்கிறது.

தஞ்சைப் பக்கம் மாதிரி ஆற்று மணல் படிவம் நமக்குக் கிடையாது. மேலே பத்து, இருபது, எங்காவது நூறு அடிவரை உருத்தெரியாமல் உதிர்ந்த பாறை. சுக்காம்பாறை என்று சொல்வார்கள். அதற்குக் கீழே கெட்டிப் பாறை. சேர்வராயன் மலை சார்னோகைட், சமவெளியில் பெரும்பாலும் நைஸ், இரண்டும் கெட்டிப் பாறை வகைகள். கெட்டிப் பாறையில் தண்ணீர் நிற்பது வெடிப்பிலும் இடுக்கிலும் மட்டும்தான். உதிர்ந்த பாறையிலும் நூறு பங்கு கனத்தில் ஒன்று, இரண்டு பங்குதான் தண்ணீர் எடுக்கும்படி இருக்கும்.

தோராயமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 950 மில்லிமீட்டர் மழையில் பத்தில் ஒரு பங்கு பூமிக்குள் இறங்குகிறது என்று வையுங்கள். 95 மில்லிமீட்டர், நாலு விரல் உயரம். இரண்டு சதவீத இடுக்குள்ள பாறையில் அந்த நாலு விரல் கிணற்று மட்டத்தைப் பதினைந்து அடி ஏற்றிவிடும். அதனால்தான் ஒரு நல்ல ஐப்பசிக்குப் பிறகு கிணறு தளும்பி நிற்பதைப் பார்த்து நாம் ஏமாந்துபோகிறோம். ஏறியது பதினைந்து அடி, உள்ளே இருப்பது நாலு விரல் தண்ணீர்.

இப்போது செலவு. ஓர் ஏக்கர் பாக்கில் ஏறக்குறைய 550 மரம். மழை இல்லாத ஆறு மாதம், சொட்டுநீரில் மரத்துக்கு நாளைக்கு 20 லிட்டர் என்றால் வருஷத்துக்கு 20 லட்சம் லிட்டர் ஆகிறது. நிலத்தில் பரப்பினால் அரை மீட்டர் உயரம். ஓர் ஏக்கர் பாக்கைக் காப்பாற்ற ஐந்து ஏக்கரில் இறங்கிய மழை வேண்டும், அதுவும் சொட்டுநீர் போட்டு, அதுவும் நல்ல மழை ஆண்டில். ஐந்து ஏக்கர் வைத்திருப்பவர் ஐந்து ஏக்கரிலும் பாக்கு வைத்தால் மற்ற நாலு பங்கை யாருடைய நிலத்திலிருந்து இழுக்கிறார் என்பது பக்கத்துக் காட்டுக்காரருக்குத் தெரியும். அவரும் பாக்குதான் வைத்திருக்கிறார்.

பற்றாக்குறை வந்ததும் எல்லோரும் செய்வது ஒன்றே. போர் போடுவது. எங்கள் மாமா போட்ட நான்காவது போருக்கு நானும் போயிருந்தேன். திருச்செங்கோட்டு வண்டி, ராத்திரி பதினொன்றரை மணிக்கு வந்து நின்றது. அதற்கு முன்னாடியே ஒருவர் கையில் தேங்காயை நிறுத்தி நடந்து, தேங்காய் எழும்பிய இடத்தில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போயிருந்தார். ராடு ஒன்று இருபது அடி. பூமிக்குள் இறங்க இறங்க மாமா சுண்ணாம்பால் வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தார். 60 அடியில் கேசிங் முடிந்தது. 300 அடியில் கொஞ்சம் ஈரம். அப்புறம் வெறும் புகை. வெள்ளை மாவு மாதிரிப் பாறைத்தூள் பாக்கு மட்டையெல்லாம் படிந்தது. "சத்தத்தைக் கேளு மாப்ள, தண்ணி வந்தா சத்தம் மாறும்" என்றார் மாமா. 700 அடிவரை சத்தம் மாறவில்லை. அத்தை உள்ளே போய்ப் படுத்துவிட்டார். 860 அடியில் வெடிப்பு ஒன்று சிக்கியது. தூள் சேறாகி, சேறு தண்ணீராகி, ஒன்றரை இன்ச் வந்தது. வண்டிக்காரர்கள் கற்பூரம் ஏற்றினார்கள். அந்த ஒன்றரை இன்ச் இரண்டு கோடை தாங்கியது. மூன்றாவது கோடையில் மோட்டார் பத்து நிமிஷம் ஓடும், காற்றைக் கக்கும், நிற்கும்.

அவ்வளவு ஆழத்தில் இருப்பது போன வருஷத்து மழை இல்லை. பல காலமாக மெல்லக் கசிந்து சேர்ந்தது. அதை இறைத்துவிட்டால் திரும்பச் சேர அதே அளவு காலம் வேண்டும். எனவே 200 அடிக் கிணறு வற்றுவதையும் 900 அடிப் போர் வற்றுவதையும் ஒரே வறட்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முன்னது ஒரு புயல் வந்தால் சரியாகும்.

மத்திய நிலத்தடி நீர் வாரியக் கணக்கில், வருஷத்தில் ஊறுவதைவிட அதிகமாக இறைத்தால் அந்தப் பகுதி மிகை நுகர்வு. 70 சதவீதத்துக்குள் இருந்தால்தான் பாதுகாப்பு. சேலம் மாவட்டத்தின் பெரும்பாலான பிர்க்காக்கள் நூறு சதவீதத்தைத் தாண்டிப் பல காலம் ஆயிற்று. 1990 முதல் விவசாய பம்ப்செட்டுக்கு மின்சாரம் இலவசம். அதை நிறுத்த வேண்டும் என்று ஏசி அறையில் இருந்துகொண்டு சொல்வது சுலபம். கட்டணம் போட்டால் முதலில் விழுவது ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர்க்காரர்தான். ஆனால் எத்தனை அடியில் எத்தனை போர் என்பதற்கு ஒரு வரம்பும் வைக்காமல் கரன்ட்டை மட்டும் சும்மா கொடுத்தது தப்பு என்று மாமாவே சொல்கிறார், ஐந்தாவது போருக்கு இடம் பார்த்துக்கொண்டே.

ஏரிகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் வயிற்றெரிச்சல்தான். மேலே விழும் மழையைப் பிடித்து வைத்து மெல்ல உள்ளே இறக்கும் வேலை அவற்றுடையது. சேலம் ஊருக்குக் குடிநீருக்காக 1911இல் கட்டிய பனமரத்துப்பட்டி ஏரி, இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல். நான் பார்த்த நாளெல்லாம் அதில் தண்ணீரைவிடச் சீமைக்கருவேலம்தான் அதிகம். ஜருகுமலையிலிருந்து வரும் ஓடைகள் அடைபட்டால் ஏரி எப்படி நிரம்பும்? காவிரிக் குழாய் வந்தபிறகு டவுனுக்கு அந்த ஏரி தேவைப்படவில்லை, அதனால் மறந்தாகிவிட்டது. சுற்றி அரளிப்பூ தோட்டம் வைத்திருப்பவர்களின் கிணறுகளுக்கு அது தேவைப்பட்டது. அவர்களை யார் கேட்டார்கள்?

சேர்வராயனில் பிறக்கும் திருமணிமுத்தாறும் சரபங்காவும், ஆத்தூர் வழியே போகும் வசிஷ்ட நதியும் மழைக்கு ஓடி மழையோடு நின்றுவிடும் ஆறுகள். வசிஷ்ட நதிக்கு ஆனைமடுவு, கரியகோவில் என்று இரண்டு சின்ன அணைகள். ஆனைமடுவு 67 அடி, கரியகோவில் 52 அடிக்குச் சற்று மேல். இரண்டும் சேர்ந்தாலும் அரை டி.எம்.சி.கூடத் தேறாது. ஆனால் பேளூர், ஏத்தாப்பூர், பெத்தநாயக்கன்பாளையம் பக்கத்தில் வறட்சி வருமா என்று தெரிய வேண்டுமானால் மேட்டூரை விட்டுவிட்டு இந்த இரண்டைப் பாருங்கள். மார்கழியில் ஆனைமடுவு பாதிக்குக் கீழே இருந்தால் சித்திரையில் லாரித் தண்ணீர்தான் என்று எங்கள் ஊரில் யாரும் சொல்லிவிடுவார்கள்.

லாரித் தண்ணீர் என்றேனே, அது மரத்தை வாழவைப்பதற்கு இல்லை, சாகாமல் வைத்திருப்பதற்கு. 12,000 லிட்டர் லாரி ஒன்று, ஓர் ஏக்கரில் மரத்துக்கு 22 லிட்டர் என்று ஒரு நாளில் தீர்ந்துவிடும். பாக்கு காய்க்க ஆறு, ஏழு வருஷம் ஆகும். அத்தனை வருஷம் வளர்த்ததை விடவும் முடியாது, காசு கொடுத்துத் தண்ணீர் விடவும் கட்டாது. கொண்டை சாய்ந்த மரத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதற்கு ஊற்றுவார்கள்.

மரவள்ளி இதற்கு நேர் எதிர். வறட்சியைத் தாங்கும் பயிர் என்று பெயர் வாங்கியது. ஆத்தூரிலிருந்து சேலம்வரை ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்கள் நிற்பதும், 1981இல் சேகோசர்வ் கூட்டுறவு சங்கம் சேலத்தில் தொடங்கியதும் இந்தக் கிழங்கை வைத்துத்தான். இலையை உதிர்த்துவிட்டுச் செடி அப்படியே நிற்கும், மழை வந்தால் தளிர்க்கும். பார்ப்பதற்கு நல்ல குணம்தான், வியாபாரத்தில் அதுவே இடிக்கும். கிழங்குக்கு விலை டன் கணக்கில் மட்டும் இல்லை, மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்துத்தான் போடுவார்கள். மாதக்கணக்காகக் காய்ந்துவிட்டு அறுவடை நேரத்தில் மழை பெய்தால், செடி புது இலை விடுவதற்குக் கிழங்கில் இருக்கும் சத்தையே எடுத்துத் தின்னும். பாயிண்ட் இறங்கிவிடும். மழை வந்ததே என்று சந்தோஷப்பட்ட அதே வாரம் மில்லில் விலை குறையும். வறட்சியில் மாவுப்பூச்சி வேறு பெருகும். மில்காரர்களுக்கும் இரண்டு மனம். களத்தில் ஜவ்வரிசி காய வெயில் வேண்டும், தொட்டியில் மாவு அலசத் தண்ணீர் வேண்டும்.

தென்னையின் வறட்சி தாமதமாக வரும் கடன் நோட்டீஸ் மாதிரி. பாளைக்குள் பூ உருவாகத் தொடங்கி அது தேங்காயாகி விழ மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது. காய்ந்த கோடையில் குரும்பை உதிர்வது கண்ணுக்குத் தெரியும். உள்ளே கருவிலேயே கெட்டுப்போனது தெரியாது. மழை நன்றாகப் பெய்து, கிணறு நிரம்பி, ஊரே வறட்சியை மறந்த இரண்டாவது வருஷத்தில் மரத்துக்குப் பத்துக் காய் குறையும். அப்போது போய் வறட்சி நிவாரணம் கேட்டால் சிரிப்பார்கள்.

மாடு வைத்திருப்பவர்களுக்கு வறட்சி தீவனத் தட்டுக் குவியலில் தெரியும். சோளத்தட்டு தீர்ந்ததும் கறவை மாட்டைச் சந்தைக்கு ஓட்டுவார்கள். எல்லோரும் ஒரே வாரத்தில் ஓட்டுவதால் விலை சரியும். மழை வந்தபின் எல்லோரும் ஒரே வாரத்தில் வாங்கப் போவார்கள், விலை ஏறும். விற்றதும் நட்டம், வாங்குவதும் நட்டம். மேச்சேரிப் பக்கம் ஆடு வைத்திருப்பவர்கள் கொஞ்சம் தப்பித்தார்கள். அந்தச் செம்மறி காய்ந்த காட்டில் வேலங்காய் பொறுக்கித் தின்றே காலம் தள்ளும்.

மலைக்கு மேலே போனால் வறட்சிக்கு வேறு முகம். 1820களில் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காபியைக் கொண்டுவந்து வைத்தார். காபிக்கு வருஷ மழை எவ்வளவு என்பதைவிட மாசி, பங்குனியில் ஒரு மழை சரியாக விழுந்ததா என்பதே கணக்கு. பூ மழை என்பார்கள். இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் போதும், எட்டு பத்து நாளில் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூத்து மல்லிகை வாசம் வரும். அதற்குப் பிறகு மூன்று வாரத்துக்குள் பிஞ்சு நிற்க இன்னொரு மழை வேண்டும். வெறும் தூறல் விழுந்தால் மொட்டு பாதியில் நின்று கருகும். பூ மழை தவறினால் ஐப்பசியில் மலையே கரைகிற அளவு பெய்தாலும் அந்த வருஷத்துப் பழம் திரும்பாது. நிழல் குறைந்து வெயில் உறைத்தால் தண்டுத்துளைப்பான் வேறு. மிளகுக் கொடிக்கு வேர் மேலாகவே ஓடும், அது காபிக்கு முன்னாலேயே வாடும். பெரிய எஸ்டேட்டில் குளம் வெட்டி ஸ்பிரிங்ளர் போட்டிருக்கிறார்கள். ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களுக்கு ஊற்று ஒன்றுதான். அந்த ஊற்று வற்றினால் கீழே ஓடையும் இல்லை, ஓடை இல்லையென்றால் அடிவாரத்தில் கிணறும் இல்லை. டவுன்காரர்கள் கிளியூர் அருவியில் தண்ணீர் இல்லை என்று திரும்பி வரும்போது, அடிவாரத்துக்காரர்களுக்கு அது அடுத்த மாதத்துச் சேதி.

அரசாங்கக் கணக்கில் வறட்சி எப்போது வறட்சி ஆகிறது? வானிலைத் துறைக்கு, சராசரியைவிட 20 முதல் 59 சதவீதம்வரை குறைந்தால் பற்றாக்குறை, 60க்கு மேல் போனால் பெரும் பற்றாக்குறை. 2016இல் மத்திய அரசு போட்ட வறட்சிக் கையேட்டின்படி மழைக் குறைவு முதல் படி மட்டுமே. சாகுபடி பரப்பு, செயற்கைக்கோளில் தெரியும் பச்சை, மண் ஈரம், ஏரி மற்றும் நிலத்தடி நீர் மட்டம் எல்லாம் பார்த்து, பத்தில் ஒரு கிராமத்திலாவது நேரில் போய்ப் பயிரைப் பார்க்க வேண்டும். பயிர்ச்சேதம் 33 சதவீதம் தாண்ட வேண்டும். தென்மேற்குப் பருவத்துச் சாகுபடியான கரீப்புக்கு அக்டோபர் 30க்குள், குளிர்காலச் சாகுபடியான ரபிக்கு மார்ச் 31க்குள் அறிவிக்க வேண்டும் என்று கெடு. அக்டோபர் 30 என்றால் நமக்கு வடகிழக்கு அப்போதுதான் பிள்ளையார் சுழி போடுகிறது. மார்ச் 31 என்றால் கோடை இன்னும் முற்றவில்லை. எங்கோ வடக்கே கோதுமைக்குப் போட்ட காலண்டர் மாதிரி இருக்கிறது.

2016இல் வடகிழக்கு மழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி என்று அறிவித்தார்கள். நிவாரணம், நெல்லுக்கும் பாசனப் பயிருக்கும் ஏக்கருக்கு 5,465 ரூபாய், மானாவாரிக்கு 3,000, நீண்டகாலப் பயிருக்கு 7,287. மாமாவுக்கு வந்த பணத்தில் பாக்குக்குத் தண்ணீர் லாரி எத்தனை நடை வந்தது என்று கேட்டேன். "நடைக் கணக்கு வேண்டாம், டீசல் கணக்கு கேளு" என்றார்.

இந்த மண்ணுக்குப் பஞ்சம் புதிதில்லை. தாது வருஷப் பஞ்சம் என்று கிழவிகள் சொல்லும் 1876–78 பஞ்சத்தில் அன்றைய சேலம் ஜில்லா உருக்குலைந்துபோனது. 1871 கணக்கெடுப்பில் 19.7 லட்சம் பேர் இருந்த ஜில்லாவில் 1881இல் 16 லட்சம்தான். இன்று ரேஷன் கடையும் ரோடும் இருப்பதால் யாரும் பட்டினியில் சாவதில்லை. மழைக்குக் கொடும்பாவி இழுப்பதும் கூத்தில் விராட பருவம் வைப்பதும் அங்கங்கே இன்னும் உண்டு. போன முறை எங்கள் பக்கம் விராட பருவம் நடந்த மறுநாள் தூறியது என்று கூத்துக்காரர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டால் பேச்சை மாற்றுவார். இன்றைய வறட்சி ஆளைக் கொல்லாமல் நகையை அடகுக்கடைக்கு அனுப்புகிறது, பையனைத் திருப்பூருக்கு அனுப்புகிறது.

இனி வரும் பருவத்தை எப்படிக் கணிப்பது? ஏப்ரல் நடுவில் வானிலைத் துறை முதல் கணிப்பை வெளியிடும், மே கடைசியில் திருத்தும். அது நாட்டுக்கும் பெரிய பகுதிகளுக்கும் சொல்வது, வாழப்பாடிக்குச் சொல்வதில்லை. எல் நினோ என்ற பேச்சு அடிபட்டால் தென்மேற்கு கெடலாம், அணைக்கு ஆபத்து. ஆனால் எல் நினோ ஆண்டுகளில் வடகிழக்கு நன்றாக அமைவதும் வழக்கம், 2015 அதற்குச் சாட்சி. 2016இல் அதற்கு நேர் எதிராக, அதே கடல் குளிரும் லா நினா பக்கம் சாய்ந்தபோது வடகிழக்கு கைவிட்டது. ஆக, செய்தியில் எல் நினோ என்று கேட்டதும் கிணற்றுக்காரர் பதற வேண்டியதில்லை, டெல்டாக்காரர் பதறலாம். நம் ஊருக்குப் பார்க்க வேண்டியது ஆவணி, புரட்டாசியில் எத்தனை மாலை இடி இடித்தது, ஐப்பசிப் புயல் எவ்வளவு தூரம் உள்ளே ஏறியது, தை பிறக்கும்போது கிணறு எங்கே நிற்கிறது என்ற மூன்றும்தான். தைக்குப் பிறகு சித்திரைவரை பெரிய மழைக்கு வாய்ப்பில்லை. தையில் கையில் இருப்பதுதான் கோடைக்குச் சோறு.

மேட்டூர் உபரிநீரை இறைத்து 100 வறண்ட ஏரிகளை நிரப்பும் திட்டத்தை, 565 கோடி ரூபாயில், எடப்பாடி பழனிசாமி முதல்வராக இருந்தபோது 2021இல் தொடங்கி வைத்தார். திப்பம்பட்டியில் பம்ப் வைத்து சரபங்கா வடிநிலத்துக்கு ஏற்றுகிறார்கள். ஓமலூர், எடப்பாடி, சங்ககிரிப் பக்கம் தண்ணீர் வந்த ஏரிக்கரையில் கிணறு ஏறியதை நான் பார்த்திருக்கிறேன், நல்ல வேலை. ஆனால் பெயரிலேயே உபரி என்று இருக்கிறது. கர்நாடகம் நிரம்பி வழிகிற வருஷம்தான் உபரி. 2023 மாதிரி ஆண்டில் அந்த பம்ப் என்ன செய்யும்? மேட்டூர் வறண்டு பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் கிறிஸ்தவக் கோபுரமும் வெளியே தெரிகிற வருஷத்தில், அணைக்குள்ளேயே கம்பும் நிலக்கடலையும் விதைப்பவர்களுக்கு மட்டும்தான் வெள்ளாமை.

எங்கள் மாமா கிணற்று உருளையில் ஒரு கயிறு கட்டி வைத்திருக்கிறார். அடியில் கல், ஐந்தடிக்கு ஒரு முடிச்சு. தைப்பொங்கல் அன்று மாட்டைக் குளிப்பாட்டும் முன்னால் கல்லை இறக்கிப் பார்ப்பார். நனைந்த முடிச்சு எத்தனை என்று தினசரி காலண்டர் அட்டையின் பின்னால் எழுதி வைப்பார். பதினாறு வருஷக் கணக்கு ஓர் அட்டைக்கட்டாக உத்தரத்தில் சொருகியிருக்கிறது. ஆறு முடிச்சு என்றால் தோப்பு முழுக்கத் தண்ணீர், நாலு என்றால் பாதி. போன பொங்கலுக்கு மூன்று. பொங்கல் முடிந்த வாரமே கிழக்குப் பக்கம் நாற்பது பாக்கு மரத்துக்குப் போகும் சொட்டுநீர்க் குழாயை மடக்கிக் கட்டிவிட்டு, அந்த இடத்தில் மாட்டுக்குச் சோளம் விதைத்தார். ஐந்தாவது போருக்கு எலுமிச்சம்பழம் வைத்த இடத்தைச் சுற்றி உழுதிருக்கிறார்.